வேலியோரம் நிற்பவர் என்ன செய்யலாம்?

மாலை நேர கிரிக்கெட் பயிற்சி. கேட்சை விட்ட பையனைக் கோச் ஸ்டம்பால் கெண்டைக்காலில் அடிக்கிறார். "எருமை மாடு" என்று கத்துகிறார். வேலியோரம் நிற்கும் பெற்றோர் யாரும் வாய் திறப்பதில்லை. ஆள் கூடக்கூட, வேறு யாராவது கேட்பார்கள் என்று ஒவ்வொருவரும் இருந்துவிடுவதை டார்லி, லாட்டானே என்ற உளவியலாளர்கள் 1968-இலேயே சோதனை செய்து காட்டினார்கள். நமக்கு இன்னொரு பயமும் உண்டு: கேட்டால் நம் பிள்ளையை டீமில் எடுக்க மாட்டாரே! "நாங்க வாங்காத அடியா?" என்றும் ஒருவர் சொல்வார். அடி வாங்கி எந்த அணிக்கு ஆடினீர்கள் என்று அவரைக் கேட்கத் தோன்றும்.

தட்டிக்கேட்பது என்றால் சண்டைக்குப் போவதல்ல. எல்லார் முன்னாலும் கோச்சை மடக்கினால், அந்தக் கோபம் மறுநாள் பையன் மேல்தான் இறங்கும். முதலில் அடி நிற்க வேண்டும். இன்னொரு பெற்றோரையும் கூட்டிக்கொண்டு, "சார், ஒரு நிமிஷம்... சனிக்கிழமை மேட்ச் எத்தனை மணிக்கு?" என்றபடி பக்கத்தில் போய் நின்றாலே பல நேரம் ஓங்கிய கை இறங்கிவிடும். இறங்கவில்லையா, குரலை உயர்த்தாமல், "அடிக்காதீங்க சார்" என்று மட்டும் சொல்லுங்கள். ஆள் குடித்திருந்தாலோ உங்கள் மேலேயே பாய்வார் என்று தோன்றினாலோ நெருங்க வேண்டாம், 112-ஐக் கூப்பிடுங்கள்.

பலரும் விட்டுவிடுவது அதற்குப் பிறகு செய்ய வேண்டியதை. பையனிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "நான் பார்த்தேன்பா, உன்மேல தப்பில்ல. அம்மாகிட்ட நான் பேசட்டுமா?" என்று கேளுங்கள். அன்று இரவே தேதி, நேரம், காதில் விழுந்த சொற்கள், கூட இருந்தவர்கள் என எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். வீடியோ இருந்தால் பெற்றோரிடமும் விசாரிப்பவரிடமும் மட்டும் கொடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அழுகிற பிள்ளையின் முகம்தான் ஊர் சுற்றும்.

பாலியல் தொல்லை என்றால் நாமே விசாரிக்கக் கூடாது. கோச்சின் காதுக்குப் போனால் ஆதாரம் அழியும், பிள்ளை மிரட்டப்படும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்கு உட்பட்டவருக்கு இது நடந்ததாகத் தெரிந்தாலே போலீஸிடம் சொல்லியாக வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை சிறை கிடைக்கலாம். நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது. குழந்தைகள் உதவி எண் 1098.

பார்வையாளர் கேலரியிலும் இதே வழிதான்: சண்டைக்குப் போகாமல் உரியவரிடம் சொல்வது. 2021 ஜனவரி, சிட்னி டெஸ்ட். எல்லைக்கோட்டருகே நின்ற இந்திய வீரர் முகமது சிராஜைக் கூட்டத்தில் சிலர் வசைபாடினார்கள். அவர் அவர்களோடு மல்லுக்கு நிற்கவில்லை. கேப்டன் ரஹானே வழியாக விஷயம் நடுவர்களுக்குப் போனது. ஆட்டம் சில நிமிடங்கள் நின்றது, ஆறு பேர் வெளியேற்றப்பட்டார்கள். உங்கள் பக்கத்து இருக்கையில் இப்படி வசைபாடும் ஒருவர் இருந்தால் வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு பாதுகாவலரிடம் சொல்லுங்கள்.

பிள்ளையைப் பயிற்சிக்குச் சேர்க்கும் அன்றே, "புகார் இருந்தால் கோச்சைத் தவிர யாரிடம் சொல்வது?" என்று கேட்டுவிடுங்கள். பதில் இல்லை என்றால் வேறு மைதானம் பாருங்கள்.