தம்பி, லைன்ல வா!

சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சியில் ஜயன்ட் வீலுக்கு வரிசை என்று ஒன்று இருந்ததில்லை. 1980களில் அங்கே போனவர்களுக்கு நினைவிருக்கும். டிக்கெட் கொடுக்கும் கூண்டைச் சுற்றி ஒரு கும்பல், ஏறும் படியருகே இன்னொரு கும்பல். தொட்டில் கீழே வந்து நிற்பதற்குள் நாலு பேர் அதன் கம்பியைப் பிடித்திருப்பார்கள். உள்ளே இருப்பவர் இறங்க வழியில்லாமல் கத்துவார். ராட்டினக்காரர் கையிலிருக்கும் குச்சியால் இரும்பில் தட்டி, "முதல்ல இறங்க விடுங்கய்யா!" என்று அதட்டுவார். அந்த இடத்தில் சட்டமும் காவலும் அந்தக் குச்சிதான்.

அவருக்குத் துணையாகக் கூட்டத்திலேயே ஒரு பெரியவர் எப்போதும் இருந்தார். வேட்டி சட்டை, கக்கத்தில் குடை, கையில் பாதி தின்ற டெல்லி அப்பளம். "ஏம்ப்பா தம்பி, இந்தம்மா கைக்குழந்தையோட நிக்குது. கண்ணு தெரியலயா? பின்னாடி வா" என்பார். தம்பி முணுமுணுப்பான், ஆனாலும் பின்னால் போவான். அந்தப் பெரியவருக்கு அவனைத் தெரியாது, அந்தப் பெண்ணையும் தெரியாது. ஊரார் பிள்ளையை அதட்டும் உரிமை தனக்கு உண்டு என்று அவர் நம்பினார். அதட்டினால் அடங்க வேண்டும் என்று அவனும் நம்பினான். பொருட்காட்சிக் கூட்டம் மிதிபட்டுச் சாகாமல் வீடு திரும்பியதில் இந்த நம்பிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தக் காலத்தை இதற்கு மேல் புகழ எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் அந்தப் பெரியவரின் குரல் எல்லாருக்காகவும் எழவில்லை. கூட்ட நெரிசலில் வேண்டுமென்றே ஒரு கை மேலே பட்டது என்று ஒரு பெண் சொன்னால், அதே பெரியவர் வேறு பக்கம் பார்ப்பார். "கூட்டம்னா அப்படி இப்படித்தான் இருக்கும். நீ ஏம்மா அங்க போய் நிக்கிற?" என்பதுதான் வீட்டிலும் கிடைத்த பதில். ஆகவே குடும்பங்கள் ஒரு வியூகம் வகுத்துக்கொண்டு போயின. முன்னால் அப்பா, பின்னால் சித்தப்பா, நடுவில் பெண்கள். என் அத்தை பொருட்காட்சி வாசலிலேயே புடவை மடிப்பிலிருந்து பெரிய ஊக்கு ஒன்றைக் கழற்றி, விரலிடுக்கில் வைத்துக்கொள்வார். மரணக் கிணற்றை அவர் பார்த்ததே இல்லை. மேலே வட்டமாக நின்று பார்க்கும் பலகைத் தட்டு குறுகலானது. அங்கே தோளோடு தோள் உரசி நிற்பவர்கள் எல்லாரும் ஆண்கள். மோட்டார் சைக்கிள் சத்தத்தை மட்டும் கீழே நின்று கேட்டுவிட்டு வருவார். மற்றவர்களின் மோசமான நடத்தைக்கு அன்று பெண்களிடம் இருந்த மருந்து, போகாமல் இருப்பது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி. கோல்டன் பீச் வந்தபோது வேறொன்றைப் பார்த்தோம். அங்கே நின்ற சிலை மனிதனைச் சென்னையில் அறியாதவர் குறைவு. லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனைக் காவலர்களைப் பார்த்துவிட்டு வந்து வி.ஜி. பன்னீர்தாஸ் செய்த ஏற்பாடு அது என்பார்கள். அரண்மனைக் காவலன் உடை, முறுக்கிய மீசை, அசையாத பார்வை. அவரைச் சிரிக்க வைத்தால் பரிசு. குழந்தைகள் மூஞ்சியைக் கோணிக் காட்டும். அதில் ஒரு குற்றமும் இல்லை. வளர்ந்த ஆண்கள் செய்தது வேறு. காதருகே போய்க் கத்துவார்கள், கிள்ளுவார்கள், அவர் வீட்டுப் பெண்களைப் பற்றிக் கேட்கக் கூசும்படி பேசுவார்கள். பதில் பேசினால் அவர் வேலை கெட்டது என்று தெரிந்துகொண்டே பேசினார்கள். கைபேசி வந்த பிறகு முகத்துக்கு எதிரே கேமராவும் சேர்ந்துகொண்டது. அந்த மனிதரின் பொறுமையை மெச்சிப் பலர் எழுதிவிட்டார்கள். எதிரே நின்ற கூட்டத்தைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை.

1990களில் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தாவும், முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். டிஸ்ஸி வேர்ல்டும் வந்தன. 'மை டியர் குட்டிச்சாத்தான்' படம் எடுத்த நவோதயா அப்பச்சன் தொடங்கியது கிஷ்கிந்தா. பொருட்காட்சிக்கும் இந்தப் பூங்காக்களுக்கும் இருந்த பெரிய வித்தியாசமாக எனக்குப் படுவது ராட்டினத்தின் உயரமோ தண்ணீரோ அல்ல, டிக்கெட்தான். பொருட்காட்சியில் ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனிக் காசு. இரண்டு ஏறினால் கையிருப்பு தீரும், கூட்டம் தானாகக் கலையும். பூங்காவில் வாசலிலேயே பெருந்தொகையைக் கட்டிவிட்டு உள்ளே போகிறோம். அதன் பிறகு தீர்ந்துபோவது காசல்ல, நேரம். ஐந்து மணிக்குள் எல்லாவற்றிலும் ஏறிவிட வேண்டும், கொடுத்த காசை எடுத்துவிட வேண்டும் என்ற பதற்றம் பிடித்துக்கொள்கிறது. முன்னால் நிற்பவர் எல்லாம் நம் காசைத் தின்பவராகத் தெரிகிறார். அமெரிக்க டிஸ்னிலாண்டும் இதே வழியில் வந்ததுதான். 1955-ல் திறந்தபோது அங்கும் ராட்டினத்துக்கு ராட்டினம் தனிச் சீட்டு. 1982-ல்தான் சீட்டுப் புத்தகம் போய் ஒரே கட்டணம் என்றானது. நாள் முழுவதும் வரிசையில் நிற்கும் பழக்கம் அந்த ஒரே கட்டணத்தோடு வளர்ந்தது. வரிசையில் புகும் பழக்கமும்தான்.

வளைந்து வளைந்து போகும் கம்பித் தடுப்புக்குள் நின்றவர்களுக்கு இது தெரியும். ஒருவன் மட்டும் நிற்பான். முக்கால் மணி நேரம் கழித்து, ஏறும் இடம் நெருங்கும்போது, "எங்க ஆளு முன்னாடி நிக்கிறான்ண்ணே, நாங்க ஒரே குரூப்" என்று பத்துப் பேர் கம்பிக்கு அடியில் குனிந்து வருவார்கள். பேருந்து ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடித்த ஊர் நமது. அந்தத் துண்டுதான் இங்கே ஆளாக நிற்கிறது. பள்ளிச் சுற்றுலா வரும் நாளில் ஒரே நிறச் சட்டையில் நாற்பது பிள்ளைகள் நுழைவார்கள். ஆசிரியர் நிழலில் உட்கார்ந்திருப்பார். யாராவது கேட்டால் கோரஸாக ஒரு ஊளை. பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. ஊளையிடலாம் என்று அவர்களுக்குத் தெரிகிறது, நிறுத்தச் சொல்ல ஆள் இல்லை என்பதும் தெரிகிறது.

அந்தப் பெரியவர் எங்கே போனார்? இன்றும் கூட்டத்தில் நிற்கிறார், வாய் திறப்பதில்லை. திறந்தால், "நீ யாரு கேக்கிறதுக்கு? உன் வேலையப் பாரு" என்பார்கள். அதற்கு மேல் போனால் கைகலப்பு; பக்கத்தில் ஒருவர் அதையும் படமெடுத்துக்கொண்டிருப்பார். குடும்பத்தோடு வந்த இடத்தில் எதற்கு வம்பு என்று மனைவி கையைப் பிடித்து இழுப்பார். அவர் பயப்படுவது நியாயம்தான்.

இதில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கூடுதல் கட்டணம் கட்டினால் தனி வழியில் முன்னால் போகலாம் என்பது இன்று பெரிய பூங்காக்களில் வழக்கம். டிஸ்னி 1999-ல் இத்தகைய ஏற்பாட்டை இலவசமாகத் தொடங்கி, பின்னாளில் அதற்கும் விலை வைத்தது. காசு கட்டியவர் விதிப்படிதான் போகிறார். அவரிடம் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வெயிலில் நிற்கும் எட்டு வயதுப் பிள்ளை, "அவங்க மட்டும் ஏன் முன்னாடி போறாங்க?" என்று கேட்கும்போது, வரிசை என்பது எல்லாருக்கும் ஒன்று என்று அதுவரை சொல்லிக்கொடுத்தது ஆட்டம் காண்கிறது. வரிசைக்கு விலை இருக்கிறது என்று தெரிந்த பிறகு, விலை கொடுக்க முடியாத இளைஞன் கம்பிக்கு அடியில் குனிகிறான். நிர்வாகங்கள் இந்த இரண்டையும் சேர்த்து யோசிப்பதில்லை.

பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் இன்று அன்றைவிட மேல் என்று உறுதியாகச் சொல்வேன். 1998-ல் சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர், ஆண்கள் சிலரின் தொல்லையால் கீழே விழுந்து உயிரிழந்தார். அதையடுத்து அந்த ஆண்டே தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவந்தது. கல்வி நிலையம், கோயில், பேருந்து நிறுத்தம், திரையரங்கு, பூங்கா, கடற்கரை, திருவிழா நடக்கும் இடம் என்று பெண் தொல்லைப்படும் இடங்களை அது பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. 2012 நவம்பரில், தமிழ்நாட்டுக் காவலர் ஒருவர் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் மேலும் சில உத்தரவுகள் இட்டது. பூங்கா, கடற்கரை, திரையரங்கு போன்ற இடங்களில் சாதாரண உடையில் பெண் காவலர்கள் வேண்டும், முக்கிய இடங்களில் கண்காணிப்பு கேமரா வேண்டும், புகார் வந்தால் அந்த இடத்தை நடத்துபவர்கள் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 79-ஆம் பிரிவு, சொல்லாலும் சைகையாலும் ஒரு பெண்ணை இழிவுபடுத்துவதையும் அவளுடைய அந்தரங்கத்தில் தலையிடுவதையும் குற்றம் என்கிறது. "கூட்டம்னா அப்படித்தான்" என்று என் அத்தையிடம் சொன்னவர்களுக்குச் சட்டம் சொன்ன பதில்கள் இவை. அவர் ஊக்கு பிடித்திருந்த காலத்தில் இவற்றில் முதல் இரண்டும் இல்லை.

சட்டம் இருந்தும் நீர்ப்பூங்காவின் அலைக்குளத்துக்குள் அது தானாக இறங்குவதில்லை. சைரன் ஒலித்ததும் அலை எழும்பும். அந்த நேரம் பார்த்து ஆண்கள் கூட்டமாகப் பெண்கள் பக்கம் பாய்வது பழைய கதை. அதற்காகவே பல இடங்களில் நடுவே கயிறு கட்டி, குடும்பங்களுக்கும் பெண்களுக்கும் தனிப் பக்கம் ஒதுக்குகிறார்கள். அலை வந்தால் கயிற்றை அடித்துக்கொண்டு வந்ததாகப் பாசாங்கு செய்ய எளிது. நனைந்த உடையில் நிற்கும் பெண்ணைக் கரையிலிருந்து படமெடுப்பவனும் தன் நண்பனைத்தான் எடுப்பதாகச் சொல்வான்.

அண்மையில் ஒரு நீர்ப்பூங்காவில் நான் பார்த்ததை எழுதுகிறேன். ஏதோ தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்கள் ஒரு பேருந்து நிறைய வந்திருந்தார்கள். பலருக்கு அதுதான் முதல் அலைக்குளம் என்று அவர்கள் போட்ட கூச்சலிலேயே தெரிந்தது. அலை நடுவே அவர்களில் ஒருத்தி திரும்பி, கழுத்துவரை தண்ணீரில் நின்றபடி, கரை மேடையில் இருந்த பையனைப் பார்த்துக் கத்தினாள்: "அண்ணே, விசில் ஊதுங்க! ப்ளூ பனியன், கழுத்துல கருப்புக் கயிறு. இந்த ஆளுதான்!" அந்த ஆளோடு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆள் அடையாளத்தை மட்டும், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். பையன் தயங்கினான். அவன் தயங்கிய அந்த நேரத்தில், அவளுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நடுத்தர வயது அம்மா தன் பேரனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "நானும் பாத்தேன்ப்பா. ஊது" என்றார். பிறகு இன்னொருவர், "ஆமா, நானும் பாத்தேன்." விசில் கேட்டது. அலை நின்றது. நீலப் பனியனைக் காவலாளிகள் வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். அவனுடைய நண்பர்கள் கொஞ்ச நேரம் சலம்பிவிட்டுத் தாங்களும் போனார்கள்.

"நானும் பாத்தேன்" என்ற அந்த இரண்டு சொல் இல்லாமல் விசில் வந்திருக்காது. இது என் திடமான எண்ணம். கேமரா பார்த்துக்கொண்டுதான் இருந்தது. கேமரா அந்தப் பையனின் தயக்கத்தைப் போக்காது. அந்த அம்மா யாரையும் அதட்டவில்லை, யாரோடும் மல்லுக்கு நிற்கவில்லை. தான் கண்டதைச் சொன்னார். பொருட்காட்சிப் பெரியவர் செய்ததைவிட இதில் ஆபத்து குறைவு, பலன் அதிகம். வரிசையில் புகுபவர்களிடமும் இதுவே எடுபடுகிறது. புகுந்தவனோடு வாதாடினால் சண்டை வரும். ஏற்றிவிடும் ஊழியரிடம், "தம்பி, இவங்க பத்துப் பேர் இப்பத்தான் வந்தாங்க, நாங்க எல்லாரும் பாத்தோம்" என்று நாலு பேர் சேர்ந்து சொன்னால், அவர் கதவைத் திறப்பதை நிறுத்துகிறார்.

சிலரிடம் இந்தத் துணை இன்னும் போய்ச் சேரவில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளை வரிசையில் காதைப் பொத்திக்கொண்டு அலறும்போது, பின்னாலிருந்து, "புள்ளைய வளக்கத் தெரியல, இங்க எதுக்குக் கூட்டிட்டு வர்றாங்க?" என்று காதில் விழும்படி பேசுகிறார்கள். பேசுபவர்கள் ரவுடிகள் அல்லர். நன்றாக உடுத்திய குடும்பத்தினர். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்து 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்தத் தாய் சட்டத்தைப் படித்துக் காட்ட முடியாது. "நீங்க முன்னாடி போங்கம்மா" என்று முன்னால் நிற்பவர் ஒருவர் சொன்னால் பின்னால் எழும் பேச்சு அடங்குகிறது. உடல் பருத்தவர் பாதுகாப்புக் கம்பி பூட்டாமல் இருக்கையிலிருந்து இறக்கப்படும்போது எழும் சிரிப்பும் இப்படித்தான். சிரிக்காத இரண்டு முகம் பக்கத்தில் இருந்தாலே பாதி அடங்கிவிடும்.

விசிலோடு நின்ற அந்தப் பையனைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன். இருபது வயது இருக்கலாம். பகல் முழுவதும் வெயிலில் நிற்கிறான், வருபவர்களிடம் ஏச்சு வாங்குகிறான். பல பூங்காக்களில் இந்த வேலைக்கு வட மாநிலப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். பெண் ஒருத்தி தமிழில் பதறிச் சொல்வது அவர்களுக்கு முழுதாக விளங்குமா? காசு கட்டி வந்தவரை வெளியே அனுப்பினால் மேலாளர் தன் பக்கம் நிற்பாரா என்ற சந்தேகத்தில்தான் அவன் கை விசிலோடு நின்றது. 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே வொண்டர்லா திறந்திருக்கிறது. சென்னையைச் சுற்றிப் பூங்காக்கள் இன்னும் வரும். எங்கே வந்தாலும், ஒவ்வொரு அலைக்குளத்தின் கரையிலும் தமிழ் தெரிந்த ஒரு பெண் காவலரை நிறுத்துங்கள். 181 என்ற மகளிர் உதவி எண்ணை உடை மாற்றும் அறையின் கதவில் பெரிதாக எழுதுங்கள். அலையை நிறுத்தும் முடிவை மேடையில் நிற்கும் பிள்ளையிடமே விடுங்கள். நிறுத்தியதற்காக அவன் சம்பளத்தில் கை வைக்க மாட்டோம் என்று வேலைக்குச் சேரும் நாளிலேயே எழுதிக் கொடுங்கள்.