சட்டமன்றக் குழுக்கள் ஆய்வுப் பொருளைத் தேர்ந்தெடுக்கும் முறை

தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை ஆண்டில் சில வாரங்களே கூடுகிறது. அரசியலமைப்பின் 174ஆவது உறுப்பு, இரு கூட்டத்தொடர்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்று மட்டுமே சொல்கிறது. அவை கூடாத நாள்களில் ஆய்வுப் பணியைச் செய்பவை பேரவைக் குழுக்கள். வகுப்பில் குடிமையியல் நடத்தும்போது சட்டம் இயற்றும் படிகளை விளக்கிவிட்டு, குழுக்களை ஒரே வரியில் கடந்துவிடுவதே வழக்கம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில சட்டமன்றம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, 140 நாள்கள் கூடுகிறது. இடைக்காலத்தில் எந்தக் குழு எதை ஆராய வேண்டும் என்று கீழவைத் தலைவரும், மேலவைக்குத் தலைமை வகிக்கும் துணை ஆளுநரும் எழுத்து மூலம் ஒதுக்குகிறார்கள். நம் மாநிலத்தில் பெரும்பாலும் குழுவின் பெயரே அதன் பொருளைக் காட்டிவிடும்.

பொதுக் கணக்குக் குழுவுக்குப் பொருள் தருவது தணிக்கை அறிக்கை. 151ஆவது உறுப்பின்படி அது ஆளுநர் வழியாகப் பேரவையில் வைக்கப்படுகிறது. அதிலுள்ள பத்திகளைக் குழு எடுத்துக்கொண்டு துறைச் செயலாளர்களை விசாரிக்கிறது. மதிப்பீட்டுக் குழு துறைகளின் வரவு செலவு மதிப்பீடுகளைப் பார்க்கிறது. அரசு உறுதிமொழிக் குழுவுக்கு அமைச்சரின் வாய்ச்சொல்லே பொருள். "ஆவன செய்யப்படும்" என்று அவையில் சொன்னது நடந்ததா என்று அது கேட்கும்.

மனுக்கள் குழு

பொதுமக்களே பொருள் தரக்கூடிய குழு இது. குழு ஒரு மாவட்டத்துக்கு வருமுன் மாவட்ட ஆட்சியர் அறிவிப்பு வெளியிடுவார். மனு தமிழில், தேதியும் கையொப்பமும் இட்டு, ஐந்து நகல்களாக இருக்க வேண்டும். பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினை ஒன்றே ஒன்று, ஒரே துறை சார்ந்ததாக இருக்க வேண்டும். வேலைவாய்ப்பு, பட்டா, முதியோர் ஓய்வூதியம், வங்கிக் கடன், பணி மாறுதல், நீதிமன்றத்தில் உள்ள வழக்கு ஆகியவை ஏற்கப்படுவதில்லை.

பல மனுக்கள் தவறுவது இங்கேதான். அதியமான்கோட்டையில் ஒருவர் "என் வீட்டுக்குக் குழாய் இணைப்பு வேண்டும்" என்று எழுதினால் அது தனிநபர் குறை. "எங்கள் தெருவுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் இத்தனை ஆண்டாகச் சீராக வரவில்லை" என்று எழுதினால் பொதுப் பிரச்சினை. ஃபுளூரைடு கலந்த நிலத்தடி நீருக்கு மாற்றாக 2013இல் தொடங்கப்பட்ட திட்டம் என்பதால் தருமபுரி மாவட்டத்தில் இது சின்ன விஷயமும் இல்லை. ஆனால் அதே தாளில் "சாலையும் குண்டும் குழியுமாக உள்ளது" என்று சேர்த்தால் இரண்டு துறைகள் வந்துவிடும். சாலைக்குத் தனி மனு எழுதி, பக்கத்து வீட்டுக்காரர் கையொப்பமிடுவது நல்லது. ஏனெனில் ஒருவர் பல மனுக்கள் கொடுத்தாலும் ஒன்றுதான் எடுத்துக்கொள்ளப்படும்.

ஏற்கப்பட்ட மனுவை, குழு மாவட்டத்துக்கு வரும்போது மனுதாரர் முன்னிலையில் விசாரித்து, அலுவலர்களிடம் விளக்கம் கேட்கும். குழு செய்வது பரிந்துரை மட்டுமே. ஆணையிடும் அதிகாரம் அதற்கு இல்லை. எனினும் பதில் கோப்பில் ஏறிவிடுகிறது. மனுதாரர் அன்று நேரில் போவதும், முன்பு கொடுத்த மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகளைக் கையில் வைத்திருப்பதும் நல்லது.