இயக்கி நிரலைச் செப்பனிடுதல்

கணிப்பொறியின் திரையையும் விசைப்பலகையையும் நாம் காண்கிறோம். அவற்றை வேலை வாங்கும் நிரல்களைக் காண்பதில்லை. அந்நிரல்களுள் ஒரு வகையைப் பற்றியும், அது பழுதுற்றால் செப்பனிடும் முறையைப் பற்றியும் இன்று சிறிது கூற விரும்புகிறேன்.

கணிப்பொறியின் உறுப்புகள் பல. அவற்றைச் செய்தவர்களும் பலர். அச்சுப்பொறி ஒரு மொழி பேசும். வலைத் தொடர்பு தரும் சில்லு வேறொரு மொழி பேசும். இவற்றையெல்லாம் ஆளும் நடுநிரலுக்குக் கெர்னல் என்று பெயர். கெர்னலின் கட்டளையை உறுப்புக்கும், உறுப்பின் விடையைக் கெர்னலுக்கும் பெயர்த்துச் சொல்லும் துபாஷி ஒருவர் வேண்டுமல்லவா? அவரே இயக்கி நிரல். டிரைவர் என்று வழங்குவதும் இதனையே. 1991-ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னலில், இன்று பாதிக்கு மேற்பட்ட வரிகள் இத்தகைய துபாஷிகளுக்கே உரியவை.

நாம் எழுதும் சாதாரண நிரல் தவறினால் அது மட்டுமே விழும். கெர்னல் அதனைத் தனியறையில் அடைத்து வைத்திருக்கிறது. இயக்கி நிரலோ கெர்னலோடு ஒரே கூடத்தில் வாழ்வது. அக்கூடத்தில் தடுப்புச் சுவர் இல்லை. ஒருவர் கை தவறினால் மற்றவர் பண்டம் உடையும். ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001-இல் லினக்ஸ் கெர்னலை ஆராய்ந்தபோது, ஏனைய பகுதிகளைக் காட்டிலும் இயக்கி நிரல்களில் பிழை விகிதம் மூன்று முதல் ஏழு மடங்கு வரை மிகுந்திருக்கக் கண்டனர். ஆகவே, கேடு நேர்ந்தால் முதற் சந்தேகம் இயக்கி நிரலின் மீது விழுவது இயல்பே. ஆனால் சந்தேகம் வேறு, சான்று வேறு. இதனை விளக்க ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

2008-ஆம் ஆண்டு செப்டம்பரில், லினக்ஸின் 2.6.27 பதிப்பு வெளிவருமுன் பலர் அதனைச் சோதித்துப் பார்த்தனர். அவர்களுள் சிலருடைய கணிப்பொறிகளில் இன்டெல் நிறுவனத்தின் வலைச் சில்லுகள் திடீரெனச் செயலற்றுப் போயின. மீண்டும் தொடங்கினாலும் பயனில்லை. பழைய கெர்னலுக்குத் திரும்பினாலும் பயனில்லை. சில்லின் அமைப்பு விவரங்களையும் அதற்கே உரிய முகவரி எண்ணையும் தாங்கும் நிலை நினைவகமே அழிந்திருந்தது. மென்பொருட் பிழை வன்பொருளையே முடக்கிவிட்டது.

அச்சில்லின் இயக்கி நிரலுக்கு இ1000இ என்று பெயர். பழி முழுவதும் அதன் தலையில் விழுந்தது. அதனைச் செப்பனிட முயன்றவர்களுக்கு ஒரு பெருந்தொல்லை இருந்தது. எந்த மாற்றத்தினால் கேடு தொடங்கியது என்றறிய, நல்ல பதிப்புக்கும் கெட்ட பதிப்புக்கும் இடையிலுள்ள மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதிப்பது வழக்கம். ஆயிரம் மாற்றங்கள் இருப்பினும் பத்துச் சோதனைகளில் குற்றவாளி அகப்படுவான். ஆனால் இங்கே, கேடு வெளிப்படும் ஒவ்வொரு சோதனையும் ஒரு சில்லைப் பலிகொண்டது!

முடிவில் உண்மை வெளிப்பட்டது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம். கெர்னலின் செயல்களைத் தடம் பற்றிக் காட்டும் எஃப்டிரேஸ் என்ற புதிய பகுதியே கேட்டுக்குக் காரணம். அது, நினைவகத்தில் தான் மாற்றவேண்டிய இடங்களைக் குறித்து வைத்துக்கொள்ளும். குறித்த இடம் சிலபோது காலிசெய்யப்பட்டு, அதே முகவரி வலைச் சில்லின் நிலை நினைவகத்துக்குக் கொடுக்கப்பட்டது. குடி மாறியதை அறியாத தபாற்காரனைப்போல எஃப்டிரேஸ் பழைய முகவரிக்கே சென்றது. “இங்கே எதிர்பார்த்த எண் இருந்தால் மட்டும் மாற்று” என்பதே அது இட்ட கட்டளை. எண் பொருந்தாவிடினும், இருந்த எண்ணையே திரும்ப எழுதுவது அக்கட்டளையின் இயல்பு. சாதாரண நினைவகத்தில் அதனால் தீங்கில்லை. சில்லின் வாயிலிலோ அவ்வெழுத்தே நஞ்சாயிற்று.

இனிச் செப்பனிட்ட முறையைக் கவனியுங்கள். இயக்கி நிரல் நிரபராதி என்று அதனை விட்டுவிடவில்லை. நிலை நினைவகத்தில் எவரும் எளிதில் எழுதாதவாறு இ1000இ நிரலில் பூட்டுப் போட்டனர். அக்டோபரில் வெளிவந்த 2.6.27 பதிப்பில் அப்பூட்டு இருந்தது. அடுத்த திருத்தமான 2.6.27.1, எஃப்டிரேஸின் அந்த வசதியை முடக்கி வைத்தது. கெடுத்த கையைத் தடுத்தது ஒன்று. கெடக்கூடிய பண்டத்தைக் காத்தது மற்றொன்று. இவ்விரண்டும் சேர்ந்ததே முழுமையான செப்பம் என்பது என் கருத்து.

பழுதில்லாத இயக்கி நிரலுக்கும் பராமரிப்பு வேண்டும். கெர்னலின் உள்ளமைப்பு இடையறாது மாறி வருவது. உள்ளே ஒரு செயற்கூற்றை மாற்றுபவர், அதனை நம்பியுள்ள எல்லா இயக்கி நிரல்களையும் தாமே திருத்தித் தரவேண்டும் என்பது லினக்ஸில் வழக்கம். கெர்னலுக்கு வெளியே தனித்து நிற்கும் நிரலுக்கு அப்பாதுகாப்பு இல்லை. எனினும், திருத்தியது சரிதானா என்று பார்க்க அந்த உறுப்பைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் தேவை. 2019-இல் நெகிழ்வட்டின் இயக்கி நிரல் ஆதரவற்றது என்று குறிக்கப்பட்டது. இயங்கும் நெகிழ்வட்டுக் கருவி கிடைப்பதே அரிதாகிவிட்டமை அதற்குக் காரணம். பின்னர் வேறொருவர் அதன் பொறுப்பை ஏற்றார்.

இந்தப் பணியில் நிரல் எழுதத் தெரியாதவருக்கும் பங்குண்டு. புதிய கெர்னலை நிறுவும்போது பழையதை உடனே நீக்கிவிடாதீர்கள். ஓர் உறுப்பு வேலை செய்யாவிடின், அதன் பெயரையும், எந்தப் பதிப்புவரை நன்றாக இருந்தது, எந்தப் பதிப்பில் கெட்டது என்பதையும் குறித்து அனுப்புங்கள். யார்மீது குற்றம் என்று தீர்ப்புக் கூறவேண்டியதில்லை. அவ்விரு பதிப்பெண்கள் கிடைத்தால், தேடுபவருக்கு வழியில் பெரும்பகுதி குறைந்துவிடும்.