மணல் விழும் ஒரு நிமிடம்

நிமோனியா என்ற சொல்லைக் கேள்விப்படாத வட இந்தியக் கிராமத்துத் தாய்க்கும் 'பஸ்லி சல்னா' தெரியும். மூச்சிழுக்கும்போது குழந்தையின் விலாவுக்குக் கீழே உள்வாங்குவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நிமோனியாவுக்கு அடையாளமாக டாக்டர்கள் பார்ப்பதும் இதைத்தான். தாய்மார்களுக்கு ஒன்றும் தெரியாது என்ற பேச்சு பாதிதான் சரி.

விபரீதம் அதற்குப் பிறகு நேர்கிறது. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் வயிற்றில் சூடு போடும் வழக்கம் மத்தியப் பிரதேசப் பழங்குடிப் பகுதிகளில் இன்னும் ஒழியவில்லை. 2023 பிப்ரவரியில் ஷாடோல் மாவட்டத்தில், நிமோனியா கண்டு சூடுபோடப்பட்ட மூன்று மாதப் பெண் குழந்தை இறந்தது. உடம்பில் 51 தழும்புகள் என்றன செய்திகள்.

தவிர, விலா இழுப்பது சற்றுத் தாமதமான அறிகுறி. அதற்கு முன்பே மூச்சு வேகமாகிவிடும். இருமல், சளியோடு இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரையுள்ள குழந்தை நிமிடத்துக்கு 50 முறையோ அதற்கு மேலோ மூச்சுவிட்டால் நிமோனியா என்று கொள்ளலாம். ஒரு வயதுக்கு மேல் ஐந்து வயதுவரை அந்த எல்லை 40. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60, அதற்கு ஆஸ்பத்திரிதான்.

சரி, எழுத்தறியாதவர்கள் ஐம்பது வரை எப்படி எண்ணுவது? மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் டாக்டர்கள் அபய் பங், ராணி பங் தம்பதி இதற்கு வழி கண்டார்கள். ஒரு சட்டத்தில் ஒரு நிமிட மணல் கடிகாரமும் மணிகளும். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். மணல் தீர்வதற்குள் சிவப்பு மணி நகர்ந்தால் நிமோனியா. பத்து வரை எண்ணத் தெரிந்த மருத்துவச்சிக்கு இது போதும்.

தாய்மார்களுக்கு நோயைப் பற்றி விளக்கியதோடு, ஊரிலேயே மாத்திரை கிடைக்கவும் ஏற்பாடு செய்தார்கள். 1990-ல் 'லான்செட்' இதழ் வெளியிட்ட முடிவு வியப்பானது. சிகிச்சை பெற்ற 612 பேரில் இறந்தவர்கள் 0.8 சதவீதம். இந்த ஏற்பாடு இல்லாத பக்கத்துக் கிராமங்களில் நிமோனியா கண்ட குழந்தைகளில் 13.5 சதவீதம். மாத்திரை இல்லாமல் அறிவுரை மட்டும் போயிருந்தால் இந்த வித்தியாசம் வந்திருக்குமா என்பது சந்தேகமே.

2019-ல் மத்திய அரசு, 'மூச்சு' என்று பொருள்படும் ஹிந்திப் பெயரில் இயக்கம் தொடங்கியது. 'ஆஷா' பணியாளர் முதல் வேளை அமாக்ஸிசிலின் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். ஆனால் அவர் வீட்டுக்கு வரும் நேரத்தில் குழந்தை அழுதுகொண்டோ பால் குடித்துக்கொண்டோ இருந்தால் கணக்கு தப்பிவிடும். அது அடங்கும்வரை காத்திருந்து, சட்டையை விலக்கி, முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும்.