கரண்ட் கொடுக்குமுன் மீற்றரைப் பிடியுங்கள்

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்ததை வியாபாரிகள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மாத்தளையில் என் கடைக்கு வந்தவர்களெல்லாம் எமர்ஜென்சி லைட்தான் கேட்டார்கள். வெளிநாட்டுச் சாமான் வரத்துக் குறைந்திருந்தபடியால், 12 வோல்ட் பற்றரியில் எரியும் விளக்குக்கு 40 போர்ட்களை ஒருவரிடம் கொடுத்துப் பொருத்தி எடுத்தேன். கடையில் வைத்து ஒவ்வொன்றாகப் பற்றரியில் மாட்டினோம். ஆறு போர்ட் புகைந்து போனது. "நீங்கள்தான் எரித்தீர்கள்" என்றார் பொருத்தியவர். எரிந்த போர்ட்டில் சாட்சி ஏது? நட்டம் என் தலையில் விழுந்தது.

பிறகு டீ.வீ. திருத்தும் தம்பி ஒருவர் எனக்குக் காட்டித் தந்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

பிளஸ்ஸும் மைனஸும் இடையில் வேலை எதுவும் இல்லாமல் நேராகச் சேர்ந்துவிடுவதுதான் ஷோட். பற்றரி தன் பலத்தையெல்லாம் அந்த வழியில் கொட்டும், செப்புக் கோடு கருகிவிடும். ஆகவே புதுப் போர்ட்டுக்குக் கரண்ட் கொடுக்குமுன், மல்டிமீற்றரை ஓம் அளவில் வைத்து பிளஸ், மைனஸ் இரண்டிலும் பிடியுங்கள். முதலில் குறைவாகக் காட்டி மெல்ல ஏறினால் பயமில்லை, கப்பாசிட்டர் நிரம்புகிறது. ஏறாமல் பூச்சியத்தை ஒட்டியே நின்றால் ஷோட். நல்ல போர்ட் ஒன்றையும் அளந்து ஒப்பிட்டால் சந்தேகம் தீரும்.

அடுத்து பூதக்கண்ணாடி. ஐ.சி. கால்களுக்கிடையில் ஈயம் பாலம் போட்டிருக்கிறதா, டயோட், கப்பாசிட்டர் தலைமாறி இருக்கிறதா என்று பாருங்கள். ஓரிரு போர்ட்டில் மட்டும் ஷோட் என்றால் பெரும்பாலும் ஈயம் வைத்த கையின் பிழை. எல்லாப் போர்ட்டிலும் ஒரே இடத்தில் என்றால், சாமான் மாறியிருக்கும் அல்லது வரைபடமே பிழை. அப்போது ஒவ்வொன்றாகத் திருத்தாமல் முழுத் தொகையையும் நிறுத்துங்கள்.

கண்ணுக்குத் தெரியாவிட்டால், கூட்டிக் குறைக்கக்கூடிய பவர் சப்ளையில் 1 வோல்ட் மட்டும் வைத்து, அம்பியரை மெல்லக் கூட்டுங்கள். போர்ட்டில் சிறிது ஸ்பிரிட் தடவினால், சூடாகும் இடத்தில் அது முதலில் காயும். குற்றவாளி பெரும்பாலும் அங்கேதான். ஆனால் 230 வோல்ட் போர்ட்டில் இப்படிக் கை வைக்கவே கூடாது. அதற்குப் பழைய இழை பல்ப் ஒன்றைத் தொடராக மாட்டிச் சோதிப்பார்கள். பல்ப் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷோட். அதையும் தெரிந்தவர் கையில் விடுங்கள்.

பியூஸ் போனால் பெரிய பியூஸ் போடும் பழக்கத்தையும் விடுங்கள். எரியுமுன் ஷோட் போர்ட் திருத்தக்கூடிய சாமான், எரிந்தபின் குப்பை.

இப்போது பொருத்துபவர் முன்னிலையிலேயே மீற்றர் பிடித்துப் பார்த்துத்தான் காசு எண்ணுகிறேன். அவருக்கும் மனவருத்தமில்லை, எனக்கும் நட்டமில்லை.