வீட்டுக் கம்ப்யூட்டரின் வயிறு எவ்வளவு பெரிது?

ஒரு பீரோ. நீளம் 5 அடி. உயரம் ஐந்தரை அடிக்கு மேல். எடை சுமார் ஒரு டன்! அதற்குள்ளே 50 தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழன்றுகொண்டிருந்தன. ஒவ்வொரு தட்டும் 2 அடி அகலம்.

மாவு மில் எந்திரமா? இல்லை. உலகில் முதன்முதலாக வியாபாரத்துக்கு வந்த 'ஹார்டு டிஸ்க்' அதுதான்.

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் சான் ஜோசே நகரில், ஐ.பி.எம். கம்பெனி என்ஜினீயர்கள் அதைச் செய்தார்கள். அவர்களுக்குத் தலைவர் ரெனால்டு ஜான்சன். 1956-ம் ஆண்டு அது வெளிவந்தது. அதைக் கொண்ட கம்ப்யூட்டரின் பெயர் 'ராமாக்'. மாத வாடகை 3,200 டாலர்.

அந்தப் பெரிய பீரோ எவ்வளவு கொள்ளும் தெரியுமா? வெறும் 50 லட்சம் எழுத்துகள்! இன்று செல்போனில் 'கிளிக்' என்று எடுக்கிறோமே, அதுபோல ஒரே ஒரு போட்டோவை வைத்தால் பீரோ நிறைந்துவிடும்.

'அம்மா'வுக்கு 15 பைட்

எண்ணெயை லிட்டரில் அளக்கிறோம். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் இடத்தை 'பைட்' என்ற அளவால் அளக்கிறார்கள். ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழுக்கு அது போதாது. இன்று பெரும்பாலும் வழங்கும் முறைப்படி, 'அம்மா' என்று எழுதினால் கம்ப்யூட்டர் அதை 5 குறிகளாகப் பார்க்கிறது. அ ஒன்று, ம ஒன்று, புள்ளி ஒன்று, மறுபடியும் ம, பிறகு கால். ஒரு குறிக்கு 3 பைட். ஆக 15 பைட்!

பத்து லட்சம் பைட் ஒரு 'மெகா பைட்'. நூறு கோடி பைட் ஒரு 'கிகா பைட்'. லட்சம் கோடி பைட் ஒரு 'டெரா பைட்'.

இன்று கடையில் ஒரு டெரா பைட் டிஸ்க் சாதாரணமாகக் கிடைக்கிறது. அதில் 'அம்மா' என்று 6 ஆயிரத்து 600 கோடி தடவை எழுதி வைக்கலாம். போட்டோவாக வைத்தால், ஒன்றுக்கு 4 மெகா பைட் என்று கணக்கிட்டாலும், இரண்டரை லட்சம் போட்டோ கொள்ளும்.

வீட்டுக்கு வந்த கதை

1981-ம் ஆண்டு ஐ.பி.எம். கம்பெனி தன் முதல் 'பி.சி.'யை விற்றது. அதில் ஹார்டு டிஸ்க்கே கிடையாது! அப்பளம் போன்ற 'பிளாப்பி'தான். ஒரு பிளாப்பியில் 160 ஆயிரம் எழுத்து அளவுதான் இடம். 1983-ல் வந்த அடுத்த பெட்டியில் 10 மெகா பைட் ஹார்டு டிஸ்க் வைத்தார்கள். 2007-ல் ஹிட்டாச்சி கம்பெனி ஒரு டெரா பைட் டிஸ்க்கைக் கொண்டுவந்தது. அதாவது 24 ஆண்டுகளில் ஒரு லட்சம் மடங்கு!

தட்டு சின்னதாகிவிட்டது. இடம் மட்டும் எப்படிப் பெருகியது? தட்டின் மேல் பூசிய காந்தப் பூச்சில்தான் எழுத்துகள் பதிகின்றன. அந்தப் புள்ளிகளை மேலும் மேலும் சிறியதாக்கினார்கள். சிறிய புள்ளியைப் படிக்க நுட்பமான 'தலை' வேண்டுமே! அதற்கு வழி காட்டிய காந்த விளைவு ஒன்றை 1988-ல் பிரான்சின் ஆல்பர்ட் பெர்ட்டும், ஜெர்மனியின் பீட்டர் குருன்பெர்க்கும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். 2007-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கதவு எண் தகராறு

வயிறு பெருத்தாலும் அவ்வப்போது ஒரு முட்டுக்கட்டை வந்தது. தெருவில் 500 வீடு இருக்கிறது. ஆனால் தபால்காரரின் நோட்டில் கதவு எண் எழுத இரண்டே கட்டம். 99-க்கு மேல் உள்ள வீடுகளுக்குக் கடிதம் போகுமா? போகாது. கம்ப்யூட்டரிலும் இதே தகராறுதான். ஒரு காலத்தில் 137 கிகா பைட்டுக்கு மேல் எண்ண முடியாமல் நின்றது. கட்டங்களைக் கூட்டினார்கள். இன்னொரு பழைய கணக்கு முறை 2 டெரா பைட்டோடு நின்றது. அதையும் மாற்றினார்கள். இன்றும் பழைய பெட்டியில் பெரிய டிஸ்க்கைப் பொருத்துகிறவர்கள் இந்த முட்டுக்கட்டையில் மாட்டிக்கொள்வது உண்டு.

சரி, இப்போது எவ்வளவு போடலாம்? 30 டெரா பைட்டுக்கு மேல் கொள்ளும் டிஸ்க்கை 2024-ல் சீகேட் கம்பெனி அறிவித்தது. லேசர் ஒளியால் புள்ளியைச் சூடேற்றி எழுதும் டிஸ்க் அது. மேஜைக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் நான்கு டிஸ்க் மாட்ட இடம் உண்டு. நான்கிலும் இதைப் போட்டால் 120 டெரா பைட்! குடும்பத்துக்கு அது தேவையா என்பது வேறு கேள்வி. அவை பெரிய கம்பெனிகளுக்காகச் செய்யப்பட்டவை.

கடைக்காரர் ஏமாற்றினாரா?

ஒரு டெரா பைட் என்று வாங்கி வந்து மாட்டினால், திரையில் 931 கிகா பைட் என்றுதான் காட்டும். பலர் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள். பாவம், அவர் மேல் குற்றமில்லை! பூக்காரியின் கைக்கு ஒரு முழம், வாங்குகிறவர் கைக்கு முக்கால் முழம் என்பதுபோலத்தான் இது. டிஸ்க் கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது. 'விண்டோஸ்' 1,024 வீதம் எண்ணுகிறது. பூச்சரம் ஒன்றுதான்.

சண்டை போட வேண்டிய விஷயம் வேறு இருக்கிறது. சுழலும் தட்டுக்கும் படிக்கும் தலைக்கும் நடுவே உள்ள இடைவெளி, தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஓடும்போது டிஸ்க் கீழே விழுந்தால் தலை தட்டில் உரசிவிடும். கல்யாணப் படம், காலமான தாத்தாவின் குரல், பிள்ளையின் முதல் நடை எல்லாம் போய்விடும். தட்டே இல்லாத புது வகை 'எஸ்.எஸ்.டி.'யும் ஒருநாள் செத்துப்போகும். இரண்டாவது டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்து, அதை வேறு வீட்டில் வைப்பதுதான் காப்பு. நகல் சரியாகத் திறக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கவும் வேண்டும்.

படத்தை மீட்ட பெண்

பெரிய சினிமாக் கம்பெனிக்கே இந்த ஆபத்து வந்தது. 1998-ம் ஆண்டு அமெரிக்காவில் பிக்சார் கம்பெனி 'டாய் ஸ்டோரி 2' என்ற பொம்மைப் படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தது. யாரோ தவறாக அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார்கள். கதாநாயகன் உட்டியின் தொப்பி மறைந்தது. பூட்ஸ் மறைந்தது. உட்டியே மறைந்துவிட்டான்! எந்திரத்தின் மின்சாரத்தைப் பிடுங்குவதற்குள் படத்தின் பெரும் பகுதி போய்விட்டது.

"நகல் இருக்கிறதே" என்று தைரியமாக எடுத்துப் பார்த்தார்கள். நகல் எடுக்கும் எந்திரம் சில வாரங்களாகவே சரியாக வேலை செய்யவில்லை!

அப்போதுதான் கேலின் சுஸ்மன் என்ற தொழில்நுட்ப அதிகாரிக்கு ஒரு ஞாபகம் வந்தது. அவர் குழந்தை பெற்றிருந்ததால் வீட்டிலிருந்தே வேலை செய்தார். அதற்காகப் படத்தின் நகல் ஒன்று அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது. உடனே அவரும் ஓரன் ஜேக்கப் என்ற சக ஊழியரும் காரில் பறந்தார்கள். கம்ப்யூட்டரைக் கம்பளியில் சுற்றி, பின் சீட்டில் வைத்து, பெல்ட்டால் கட்டி, கைக்குழந்தையைக் கொண்டுவருவதுபோல் கொண்டுவந்தார்கள். படம் அதில் இருந்தது! விடுபட்டவற்றை ஆயிரக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்துச் சேர்த்தார்கள்.

இவ்வளவு பாடுபட்டு மீட்ட படம் கம்பெனிக்குத் திருப்தியாக இல்லை! கதையைத் திரும்ப எழுதி, பெரும் பகுதியைப் புதிதாகச் செய்தார்கள். 1999 நவம்பரில் படம் வெளிவந்தது.