எஞ்சினுக்குள் கரி: சுத்தம் செய்யப் பணம் கொடுக்கலாமா?



உங்கள் வீட்டுக் காரையோ, உறவினர் ஒருவரின் வாடகைக் காரையோ சர்வீஸுக்கு விடும்போது நீங்களும் உடன் போயிருக்கலாம். எண்ணெய் மாற்ற வேண்டும், பிரேக் பார்க்க வேண்டும் என்று பட்டியல் எழுதிக்கொண்டே வரும் ஊழியர், கடைசியில் இப்படி ஒரு கேள்வி கேட்பார்: "சார், எஞ்சினுக்குள்ளே கார்பன் சேர்ந்திருக்கும். கிளீன் பண்ணிடலாமா? மைலேஜ் நல்லாக் கூடும்."

இதற்கு ஆகும் செலவு 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் ஒருவருக்கு இது பல நாள் உழைப்பின் பலன். "சரி" என்று சொல்வதா, "வேண்டாம்" என்று சொல்வதா? ஊழியரின் முகத்தைப் பார்த்து முடிவு செய்யும் விஷயமல்ல இது. நீங்கள் பள்ளியில் படிக்கும் வேதியியலும் சிறிது கணக்கும் இருந்தால் போதும். விடையை நாமே கண்டுபிடித்துவிடலாம்.

கரி எங்கிருந்து வருகிறது?

ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, அதன் சுடருக்குள் ஓர் எவர்சில்வர் கரண்டியைச் சில விநாடிகள் காட்டுங்கள். (பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.) கரண்டியின் அடியில் கருப்பாகப் புகைக்கரி படிகிறது அல்லவா? மெழுகு ஒரு ஹைட்ரோகார்பன். அது முழுமையாக எரிந்தால் கார்பன்-டை-ஆக்சைடும் நீராவியும்தான் மிஞ்சும். குளிர்ந்த கரண்டி சுடரின் வெப்பத்தை உறிஞ்சிவிடுவதால், கார்பன் முழுமையாக எரியாமல் கரண்டியில் ஒட்டிக்கொள்கிறது.

பெட்ரோலும் ஹைட்ரோகார்பன்களின் கலவையே. சிலிண்டருக்குள் அது எரியும்போது வாயுவின் வெப்பநிலை 2,000 டிகிரி செல்சியஸையும் தாண்டும். ஆனால் சிலிண்டரின் சுவர், பிஸ்டனின் தலை, வால்வுகள் ஆகியவை அதைவிடப் பல மடங்கு குளிர்ந்தே இருக்கின்றன. அவற்றை ஒட்டிய மெல்லிய வாயுப் படலம் சரியாக எரிவதில்லை. எஞ்சின் எண்ணெயின் ஆவியும் சிறிதளவு உள்ளே வந்து சேருகிறது. இவை இரண்டும் சேர்ந்து நாளடைவில் கரிப்படிவமாகின்றன. ஆகவே, எஞ்சினுக்குள் கரி படிகிறது என்று ஊழியர் சொல்வது உண்மைதான். ஆனால் அது எங்கே, எவ்வளவு, அதனால் என்ன கெடுதல் என்பதுதான் கேள்வி.

அந்தக் காலமும் இந்தக் காலமும்

உங்கள் தாத்தா காலத்து ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் இருவீச்சு எஞ்சின் கொண்டவை. பெட்ரோலுடன் எண்ணெயையும் கலந்து ஊற்ற வேண்டும். எண்ணெயும் சேர்ந்து எரிவதால் சைலன்சரில் கரி அடைத்துக்கொள்ளும். வண்டி மேட்டில் ஏறத் திணறும். மெக்கானிக் சைலன்சரைக் கழற்றிக் கரியைச் சுரண்டி எடுப்பார். வண்டியும் பழைய வேகத்தைப் பெற்றுவிடும். 1950-களில் கார் எஞ்சின்களுக்கும், குறிப்பிட்ட மைல்கள் ஓடியதும் மேல்தலையைக் கழற்றிக் கரி எடுப்பது வழக்கமான வேலையாகவே இருந்தது.

"கரி எடுத்தால் எஞ்சின் புதிதாகும்" என்ற எண்ணம் இப்படித்தான் மக்கள் மனத்தில் வேரூன்றியது. அன்றைக்கு அது சரி. பின்னர் எஞ்சின் எண்ணெயில் அழுக்கைக் கரைத்து மிதக்க வைக்கும் பொருள்கள் சேர்க்கப்பட்டன. பெட்ரோலிலும் அவ்வாறே சுத்திகரிப்பான்கள் வந்தன. கார்புரேட்டர் போய், மின்னணுக் கட்டுப்பாட்டுடன் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் வந்தது. நோய் குறைந்துவிட்டது, பழைய மருந்தின் புகழ் மட்டும் குறையவில்லை!

மூன்று இடங்கள், மூன்று கதைகள்

கரி படியும் இடங்களில் முக்கியமானவை மூன்று.

முதலாவது, இன்ஜெக்டரின் நுனி. எஞ்சினை நிறுத்தியதும், நுனியில் தங்கியிருக்கும் துளி பெட்ரோல் அங்குள்ள சூட்டில் காய்ந்து பிசின்போல் ஆகிறது. 1980-களில் அமெரிக்காவில் இன்ஜெக்டர் கொண்ட கார்கள் பெருகியபோது இந்த அடைப்பு பெருந்தொல்லையாக இருந்தது. 1995 முதல் அந்நாட்டில் எல்லாப் பெட்ரோலிலும் சுத்திகரிப்பான் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது.

இரண்டாவது, காற்று நுழையும் வால்வின் பின்புறம். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது இந்த வால்வு விநாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. பல கார்களில் இன்ஜெக்டர், வால்வுக்கு முன்னே இருந்துகொண்டு வால்வின் மேலேயே பெட்ரோலைத் தெளிக்கிறது. அதாவது, எஞ்சின் ஓடும்போதெல்லாம் வால்வு கழுவப்படுகிறது. இன்னொரு வகைக் கார்களில், குறிப்பாக டர்போ பெட்ரோல் எஞ்சின் கொண்ட பலவற்றில், இன்ஜெக்டர் நேராகச் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கிறது. அங்கே வால்வின் பின்புறத்தைப் பெட்ரோல் தொடுவதே இல்லை. எண்ணெய் ஆவி படிந்து படிந்து வால்வு தடித்துப் போகிறது.

மூன்றாவது, பிஸ்டனின் தலையும் எரியறையின் சுவரும். இங்கே கரி மிகுந்தால் அறையின் இடம் குறைந்து அழுத்தம் கூடும். வெப்பமும் எளிதில் வெளியேறாது. பெட்ரோல் உரிய நேரத்துக்கு முன்பே தாறுமாறாக எரிந்து "டக் டக்" என்ற ஓசை எழும். இதைத்தான் மெக்கானிக்குகள் "நாக்கிங்" என்கிறார்கள்.

இப்போது ஊழியர் சொன்ன மருந்துக்கு வருவோம். பெட்ரோல் டாங்கில் ஊற்றும் திரவம், பெட்ரோல் போகும் வழியில்தானே போகும்? அதில் பாலிஈதர் அமீன் போன்ற நல்ல பொருள் இருந்தால் இன்ஜெக்டர் நுனியைச் சுத்தம் செய்யும். ஆனால் நேரடித் தெளிப்பு எஞ்சினில் வால்வின் பின்புறத்தை அது எட்டவே எட்டாது. காலில் முள் தைத்தவனுக்குக் கையில் கட்டுப் போட்ட கதைதான்! அந்த வால்வில் உண்மையிலேயே கரி தடித்துவிட்டால், காற்றுக் குழாயைக் கழற்றி, பொடித்த வால்நட் ஓட்டுத் துகள்களைக் காற்றழுத்தத்தால் பீய்ச்சிச் சுரண்டும் முறை ஒன்று உண்டு. வால்நட் ஓடு கரியைவிடக் கடினம், வால்வின் எஃகைவிட மென்மை. அதனால் கரி போகும்; வால்வு தப்பிக்கும்.

இன்னொரு சேவையும் உண்டு: எஞ்சினின் வெளிப்புறத்தைக் கழுவிப் பளபளப்பாக்குவது. பார்வைக்கு அழகாக இருக்கும். பெட்ரோல் செலவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. நீரை வேகமாகப் பீய்ச்சினால் மின்இணைப்புகளில் ஈரம் புகுந்து புதுத் தொல்லையும் வரலாம்.

எஞ்சினின் மூக்கு

"இன்ஜெக்டர் சிறிது அடைத்தாலும் மைலேஜ் விழுந்துவிடுமே" என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் ஒரு வியப்பு காத்திருக்கிறது.

பெட்ரோல் முழுமையாக எரிய, அதன் எடையைப் போல ஏறத்தாழ 14.7 மடங்கு காற்று வேண்டும். இந்த விகிதம் சரியாக இருக்கிறதா என்று மோப்பம் பிடிக்கப் புகைக்குழாயில் ஆக்சிஜன் உணர்கருவி ஒன்று இருக்கிறது. 1976-இல் வால்வோ கார்களில் முதன்முதலாக இது பொருத்தப்பட்டது. புகையில் ஆக்சிஜன் மிகுந்தால், "பெட்ரோல் போதவில்லை" என்று அது கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் உடனே இன்ஜெக்டரைச் சில மில்லி விநாடியின் ஒரு பகுதி கூடுதலாகத் திறந்து வைக்கும். அதாவது, சிறிய அடைப்பை எஞ்சின் தானே ஈடுசெய்துகொள்கிறது! அடைப்பு மிகுந்து, ஒரு சிலிண்டருக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு பெரிதாகும்போதுதான் வண்டி உதறத் தொடங்கும்.

இந்தத் திருத்தத்தின் அளவைக் கம்ப்யூட்டர் நினைவில் வைத்திருக்கிறது. சர்வீஸ் நிலையத்தில் உள்ள ஸ்கேனர் கருவியை இணைத்தால் அந்த எண்ணைப் படிக்கலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே மெல்லிய குழாய்க் கேமராவை நுழைத்துப் பிஸ்டன் தலையைக் கண்ணாலேயே பார்க்கலாம். எனவே, "கரி சேர்ந்திருக்கும்" என்று ஊகிக்கத் தேவையில்லை. சேர்ந்திருக்கிறதா என்று அளந்தே சொல்லலாம். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்காமல் ஊசி போடும் மருத்துவரை நாம் ஏற்போமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஒரு கார் மாதம் 800 கிலோமீட்டர் ஓடுகிறது. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று கொள்வோம். மாதத்துக்கு 50 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்றால் செலவு 5,000 ரூபாய். சுத்தம் செய்தபின் மைலேஜ் 3 சதவீதம் உயர்ந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். இப்போது 16.48 கிலோமீட்டர், தேவை 48.54 லிட்டர். மிச்சம் மாதத்துக்கு 146 ரூபாய். 3,000 ரூபாயைத் திரும்ப எடுக்க 20 மாதங்களுக்கு மேல் ஆகும். அதற்குள் புதிதாகக் கரி படியத் தொடங்கியிருக்கும்!

"போன தடவை செய்தோம், மைலேஜ் கூடியதே" என்று சிலர் சொல்வார்கள். அதே நாளில் எண்ணெய், காற்று வடிகட்டி, ஸ்பார்க் பிளக் எல்லாம் மாற்றி, டயருக்கும் காற்றுப் பிடித்திருப்பார்கள். பலன் எதனால் வந்தது? சோதனைச்சாலையில் ஒரே சமயத்தில் நான்கு மாறிகளை மாற்றினால் ஆசிரியர் ஒப்புக்கொள்வாரா?

சோதித்துப் பார்க்க விரும்பினால் வழி எளிது. ஒரே பங்கில் டாங்கை நிரப்புங்கள். ஓடிய தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மீண்டும் நிரப்பி, தூரத்தை லிட்டரால் வகுத்துக்கொள்ளுங்கள். முன்பு மூன்று முறை, பின்பு மூன்று முறை. முன்பு 15.6, 16.3, 16.0 என்றும், பின்பு 16.2, 15.9, 16.4 என்றும் வந்ததாகக் கொள்ளுங்கள். சராசரி 15.97-லிருந்து 16.17 ஆகியிருக்கிறது. ஆனால் ஒன்றுமே செய்யாதபோதே எண்கள் 0.7 வரை ஏறி இறங்கினவே! இந்த 0.2 உயர்வை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

அப்படியானால் எப்போது தேவை?

வண்டி நின்றபடி ஓடும்போது உதறினால், காலையில் கிளம்பத் திணறினால், மேட்டில் நாக்கிங் ஓசை கேட்டால், எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பரிசோதனை அவசியம். இவற்றுக்குப் பழைய ஸ்பார்க் பிளக்கும் பழுதான காயிலும்கூடக் காரணமாகலாம். பரிசோதனையில் கரிதான் குற்றவாளி என்று தெரிந்தால், தயங்காமல் சுத்தம் செய்யலாம். அந்தப் பணம் வீணல்ல.

நோயின் அறிகுறியே இல்லாதபோது, காருடன் வந்த கையேட்டைத் திறந்து பாருங்கள். எத்தனை கிலோமீட்டருக்கு எதை மாற்ற வேண்டும் என்று எஞ்சினை வடிவமைத்தவர்களே அதில் எழுதியிருக்கிறார்கள். அந்த அட்டவணையில் இல்லாத சேவை என்றால், பணிவாக மூன்று கேள்விகள் கேளுங்கள்: "இது கையேட்டில் இருக்கிறதா அண்ணா? எதை அளந்து பார்த்துத் தேவை என்கிறீர்கள்? செய்தபின் அதே அளவை மறுபடி காட்டுவீர்களா?" அவர் பொய் சொல்கிறார் என்று இதற்குப் பொருளல்ல. அவர் வேலை சேவையை விற்பது. நம் வேலை சான்று கேட்பது.

வருமுன் காப்பதும் நம் கையில் உண்டு. 2016-இல் அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் ஓர் ஆய்வு நடத்தியது. உயர்தரச் சுத்திகரிப்பான் கலந்த பெட்ரோலுடன் ஒப்பிட்டால், சாதாரணப் பெட்ரோல் சராசரியாக 19 மடங்கு மிகுதியான படிவத்தை எஞ்சினில் சேர்த்தது. நல்ல பங்கில் பெட்ரோல், காலத்தில் எண்ணெய் மாற்றுதல், காற்று வடிகட்டியைச் சரியாக வைத்தல் ஆகிய மூன்றும் கரியைப் பெருமளவு தடுக்கும்.

அடுத்த முறை சர்வீஸ் நிலையத்துக்குப் போகும்போது கையேட்டையும் ஒரு பென்சிலையும் எடுத்துச் செல்லுங்கள். அந்த மூன்று கேள்விகளுக்கும் என்ன விடை கிடைத்தது என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.